பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மை

அன்புசெல்வி நர்சிங் படித்த தனியார் கல்லூரியில் செய்முறைக் கூடம் என்று ஓர் அறை இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வெள்ளை விரிப்பு விரித்த கட்டில்களில் ஆள் உயரப் பொம்மைகள் படுத்திருக்கும். ஊசி போட்டுப் பழக ஒன்று, பிரசவம் பார்த்துப் பழக ஒன்று. மாணவிகள் வராந்தாவில் நடக்கும்போது கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். அவ்வளவுதான். ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் மட்டும் கதவு திறக்கும். அன்று இஸ்திரி போட்ட சீருடையில், ஏதோ வேலை செய்துகொண்டிருப்பது போல, ஆளுக்கொரு பொம்மையின் பக்கத்தில் நிற்க வேண்டும். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனதும் மறுபடியும் பூட்டு.

“ஏனுங்க மிஸ், ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கலாங்களா?” என்று அவள் கேட்டதுண்டு.

“தொட்டுக் கெடுத்துப்போட்டீன்னா உங்கப்பனா வாங்கித் தருவாரு?” என்று பதில் வந்தது.

அப்பன் மாரப்பன் வாங்கித் தர முடியாதுதான். அவர் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். அம்மா சுப்பாத்தாள் அதே கம்பெனியில் தைத்து வந்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தவள். மகள் வெள்ளை உடுப்புப் போட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஆசை. அதனால் அன்புசெல்வி வாயை மூடிக்கொண்டு படித்தாள். எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். கோபம் வர வேண்டிய நேரத்தில் வராமல் போயிற்றே என்பதுதான் பின்னாளில் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கோபமாக இருந்தது.

படிப்பு முடிந்து சில வருடங்களில், பெருமாநல்லூருக்கு வடக்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸாக வேலை கிடைத்தது. வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஊசி போடவும் தையல் போடவும் பிரசவம் பார்க்கவும் அங்கிருந்த மூத்த நர்ஸ் சித்ரகலாவின் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டாள். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். தென்மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள், ஒடிசாவில் இருந்து வந்தவர்கள், உள்ளூர்க்காரர்கள் என்று பிரசவத்துக்கு வராத ஆள் இல்லை. பெரும்பாலும் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. குழந்தை வெளியே வந்ததும் வீறிட்டு அழும். துடைத்துத் தாயின் நெஞ்சில் போட்டால் வேலை முடிந்தது.

அழாத குழந்தையை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வட்டாரத் தலைமை சுகாதார நிலையத்தில் ஒரு கூடம். வாசலில் வரவேற்பு பேனர். ஆளுக்கு ஒரு பை, ஒரு பேனா. வந்த பயிற்சியாளருக்கு அடுத்து இன்னோர் ஊரில் இதே பயிற்சி இருந்தது. திரையில் இங்கிலீஷில் பொடி எழுத்தாகப் படங்கள் ஓடின. அவர் ஒவ்வொன்றையும் வாசித்தார். வாசித்து முடிக்கும் முன்னே அடுத்தது வந்துவிட்டது. மேசையில் பெட்டியோடு ஒரு பச்சைக் குழந்தைப் பொம்மை இருந்தது. முகத்தில் மாஸ்க் வைத்து ரப்பர்ப் பையை அமுக்கினால், சரியாகச் செய்திருந்தால் அதன் நெஞ்சு மேலெழும். அப்படிப் பழகத்தான் அதைச் செய்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் அது வந்த பிளாஸ்டிக் உறையில் அப்படியே இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோ எடுத்தார்கள். முன் வரிசையில் நின்ற அன்புசெல்வியின் கையில் யாரோ பொம்மையைக் கொடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். போட்டோ எடுத்ததும் பொம்மை பெட்டிக்குள் போனது, பெட்டி பீரோவுக்குள் போனது. சாயங்காலம் எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது.

அடுத்த கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சுடலை என்பவர் தன் மனைவி இசக்கியம்மாளை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தார். இருவருக்கும் தென்காசிப் பக்கம். நல்லூரில் குடியிருந்தார்கள். பெருமாநல்லூர்க் கம்பெனியொன்றில் அவர் ஓவர்லாக் டெய்லர், அவள் செக்கிங். வேலையில் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. டாக்டர் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தார். சித்ரகலா அன்று விடுப்பு. பிரசவ அறையில் அன்புசெல்வியும் உதவிக்கு ஒரு ஆயாவும் மட்டும்தான்.

தலை வந்தபோதே கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அதை அவள் பதறாமல் விலக்கினாள். ஆண் குழந்தை. அழவில்லை. துணியால் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்தாள். குழந்தை நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது.

“சிஸ்டர், ஏன் சத்தமே கேக்கல? புள்ள ஏன் அழல?” என்று இசக்கியம்மாள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

“அழுவானுங்க, இருங்க” என்றாள் அன்புசெல்வி. ஆயாவிடம், “108-க்குப் போன் போடுங்க, வெரசா!” என்று கத்தினாள்.

சுவரில் ரப்பர்ப் பையும் மாஸ்க்கும் தொங்கின. எடுத்து முகத்தில் வைத்து அமுக்கினாள். கன்னத்தின் ஓரமாகக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. நெஞ்சு அசையவில்லை. இன்னும் அழுத்தி வைத்து அமுக்கினாள். அப்போதும் இல்லை. திரையில் ஓடிய படங்களில் தலையைப் பற்றி ஏதோ இருந்தது என்று மட்டும் நினைவு வந்தது. நன்றாகச் சாய்க்க வேண்டும்போல என்று நினைத்துக் குழந்தையின் தலையைப் பின்னால் மடக்கினாள். அதோடு காற்றுப் போக இருந்த வழியும் அடைத்துப்போனது. அமுக்கினாள், அமுக்கினாள், கை வலிக்க அமுக்கிக்கொண்டே இருந்தாள். பையிலிருந்து காற்று வெளியே போனதே தவிர, குழந்தைக்குள் போகவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் பூபாலன் உள்ளே நுழைந்ததும் ஒரு துணியை மடித்துக் குழந்தையின் தோளுக்கு அடியில் வைத்தார். தலையைக் கொஞ்சமாக நேராக்கினார். மாஸ்க்கைத் தாடையில் இருந்து மூக்கு வரை பொருத்தி, இரண்டு விரலால் மேலிருந்து பிடித்து, மற்ற விரல்களால் தாடையைத் தூக்கிக்கொண்டார். பையை அமுக்கினார். குழந்தையின் நெஞ்சு எழுந்தது.

அன்புசெல்வி அதைப் பார்த்தாள். அத்தனை நேரம் தன் கைக்கு வராத அந்த அசைவு, அவர் விரல்களுக்கு முதல் தடவையிலேயே வந்ததைப் பார்த்தாள்.

குழந்தை ஒரு கேவல் கேவி, அப்புறம் மெல்ல முனகியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி வாசலில் நின்று, “எப்படிங்கண்ணா?” என்று மட்டும் அவளால் கேட்க முடிந்தது.

“எங்களுக்குப் பொம்மை மேல கை வெச்சுப் பழக்கி உட்டாங்கம்மா. கைக்கு வராட்டி உடவே மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் பூபாலன் கதவைச் சாத்தினார்.

குழந்தை பிழைத்தது. ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம் அதிகம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாளில் வலிப்பு வந்தது.

விசாரணை வைத்தார்கள். மேலிடத்தில் இருந்து வந்த அதிகாரி, பெயர் கேட்டார், படிப்புக் கேட்டார், பிறகு தன் போனைத் திருப்பி அன்புசெல்வியிடம் காட்டினார். அந்தப் பயிற்சிப் போட்டோ. அவள் கையில் பொம்மை, முகத்தில் சிரிப்பு.

“பயிற்சி எடுத்திருக்கீங்க. பொம்மையைக் கையில வெச்சிருக்கீங்க. அப்புறம் எப்படித் தெரியாதுன்னு சொல்றீங்க? இது கவனக்குறைவுதானே?”

“சார், அதை நல்லாப் பாருங்க சார். உறையே பிரிக்கலீங்க.”

“அதெல்லாம் எனக்கு வேண்டாம். சான்றிதழ் வாங்கினீங்களா, இல்லையா?”

“வாங்கினேங்க.”

“அப்ப முடிஞ்சுது.”

வெளியே வந்தபோது அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. குற்றவாளி என்று சொன்னதற்காக இல்லை. அந்தக் குழந்தை விஷயத்தில் தன் கை தோற்றது என்பதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் கற்றுக்கொடுக்காமல் போட்டோ எடுத்தவர்கள், அதே போட்டோவைக் காட்டி அவள் கழுத்தைப் பிடிக்கிறார்களே! பழக்கிவிட வந்த பொம்மை, சாட்சி சொல்ல வந்துவிட்டதே! சித்ரகலா அவள் தோளைத் தட்டி, “உடு கண்ணு. எல்லாப் பக்கமும் இப்படித்தான்” என்றாள். “எல்லாப் பக்கமும்னு சொல்லிச் சொல்லித்தானுங்கக்கா நாம இங்க வந்து நிக்கறோம்” என்று அன்புசெல்வி வெடுக்கென்று சொன்னாள்.

குழந்தைக்கு நாலைந்து மாதம் ஆனபோது, யாரும் போகச் சொல்லாமலே அவள் நல்லூருக்குப் போனாள். நிட்டிங் மெஷின்கள் இரைகிற சந்தில் ஒற்றை அறை. குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. இசக்கியம்மாள் வேலையை விட்டுவிட்டு, அவனை உடற்பயிற்சி சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுடலைதான் பேசினார்.

“என்ன சிஸ்டர், எதுக்கு வந்திய?”

அவள் சுற்றி வளைக்கவில்லை. “எனக்கு அன்னிக்கு அதைச் செய்யத் தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா உங்க பையன் இப்படி இருந்திருக்க மாட்டான். பழகறதுக்குப் பொம்மை இருந்துச்சுங்க. யாரும் வெளிய எடுத்துக் குடுக்கல. நானும் குடுங்கன்னு கேக்கல. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு.”

சுடலையின் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“நான் ஓவர்லாக் தைக்கிறவன். புதுசா ஒருத்தன் மெசின்ல ஒக்காந்தாம்னா, வேஸ்ட் துணியத்தான் குடுப்போம். நாள் பூரா அதுலயே தைக்கட்டும்னு விட்டுருவோம். கை நேராவுற வரைக்கும் ஆர்டர் பீஸ்ல கை வைக்க விட மாட்டோம். ஒரு பனியனுக்கே அம்புட்டுப் பார்க்கோம். ஒங்களுக்கு வேஸ்ட் துணியே குடுக்கலைன்னு சொல்லுதீய. அப்ப எம் புள்ளதானா ஒங்களுக்கு வேஸ்ட் துணி?”

குழந்தை அம்மாவின் தோளில் தலை தொங்க, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்புசெல்வி எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் வீடு வரும் வரை அந்தக் கேள்வி அவள் காதில் இருந்தது. அது தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வி மட்டும் இல்லை என்று தோன்றியது. யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்கள் யாரும் நல்லூர்ச் சந்துக்குள் வரப்போவதில்லை. அப்படியானால் கேள்வியை அவள்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அதற்கான நாள் தானாகவே வந்தது. நடந்ததைச் சரிக்கட்ட, வட்டாரத்து நர்ஸ்கள் எல்லோருக்கும் மறுபயிற்சி என்று அறிவித்தார்கள். அதே கூடம், அதே மாதிரி பேனர், தேதி மட்டும் புதிது. சொல்லிக்கொடுக்க வந்தவர் குழந்தை மருத்துவர் மகுடேஸ்வரன். திரையில் அதே இங்கிலீஷ் படங்கள். மேசையில் அதே பெட்டி. கூடத்துக்கும் பொருட்களுக்கும் பொறுப்பான மேற்பார்வையாளர் ஆத்தப்பன், படங்கள் முடிந்ததும் எழுந்து, “எல்லாரும் முன்னால வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். அப்புறம் சாப்பாடு ரெடியா இருக்குதுங்க” என்று கை தட்டினார்.

எல்லோரும் எழுந்தார்கள். அன்புசெல்வி நேராக மேசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பொம்மையை எடுத்தாள். போட்டோவுக்குத்தான் எடுக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

“அம்மிணி, அம்மிணி! பிரிக்காதீங்க!” ஆத்தப்பன் ஓடி வந்தார். “அது ஸ்டாக்கில ஏத்துன பொருளுங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?”

“குழந்தை நீலமாக் கெடந்தப்ப யாருங்க பதில் சொன்னது? நான்தானுங்க சொன்னேன். இதுக்கும் நானே சொல்லிக்கறேன்.” உறை கிழிந்தது. பொம்மையை மேசையில் படுக்க வைத்துவிட்டு, அவள் மகுடேஸ்வரனைப் பார்த்துத் திரும்பினாள். “டாக்டர், எனக்கு இதுக்குக் காத்துக் குடுக்கத் தெரியாதுங்க. தெரியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்லீங்க. தெரியாதவளுக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்தாங்க பாருங்க, அவங்களுக்கு வெக்கம் இருக்கோணும். இன்னிக்குக் காட்டிக் குடுக்காம நான் போட்டோவுக்கு நிக்க மாட்டேன். சாப்பிடவும் மாட்டேன்.”

“இதென்ன வம்பு?” என்றார் ஆத்தப்பன். “வேற யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? உங்களுக்கு மட்டும்தான் தெரியல.”

பின்னால் இருந்து சுபஸ்ரீ என்கிற சின்னப் பெண், வேலைக்குப் புதிது, மெதுவாகச் சொன்னாள்: “எனக்கும் தெரியாதுங்க சார்.” அவள் பக்கத்தில் இருந்தவள், “எனக்குந்தானுங்க” என்றாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் சில குரல்கள். கடைசியில் சித்ரகலா எழுந்து நின்றாள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது அவளுக்கு. “இத்தன வருச சர்வீஸ்ல நானும் ஒருக்காக்கூட அந்தப் பொம்மையத் தொட்டதில்லீங்க. உள்ளதச் சொல்லிப்போடறேன்” என்று சொல்லிவிட்டு உட்காராமல் அப்படியே நின்றாள்.

மகுடேஸ்வரன் மைக்கைக் கீழே வைத்தார். “எனக்குக் குடுத்த நேரம் இவ்வளவுதான், படத்தை மட்டும் காட்டிடுங்கன்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டு வந்தேன்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார். “வாங்கம்மா. எல்லாரும் சுத்தி நில்லுங்க. திரையை அணைச்சிருங்க.”

தமிழில், நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். தோளுக்கு அடியில் துணி மடிப்பு. தலையைப் பின்னால் மடக்கவும் கூடாது, முன்னால் கவிழவும் கூடாது; பூவை முகர்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். மாஸ்க் கண்ணில் படக்கூடாது. நெஞ்சைப் பார்த்துக்கொண்டே அமுக்க வேண்டும். எழவில்லை என்றால் பையைக் குறை சொல்லாமல் தலையையும் மாஸ்க்கையும் சரி செய்ய வேண்டும்.

அன்புசெல்வியின் முறை முதலில். முதல் தடவை காற்று ஓரமாகப் போனது. “தாடையைத் தூக்குங்க” என்றார். இரண்டாம் தடவையும் போனது. விரலை மாற்றிப் பிடித்தாள். அமுக்கினாள். பொம்மையின் நெஞ்சு எழுந்தது. விட்டாள், இறங்கியது. மறுபடி அமுக்கினாள், எழுந்தது.

“இவ்வளவுதானுங்களா, டாக்டர்?”

“இவ்வளவுதாம்மா. கை பழகினா மறக்காது.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கம் இல்லை அது. ஏதோ பெரிய வித்தை, தன் மண்டையில் ஏறாத வித்தை என்று அத்தனை மாதமாகத் தன்னையே அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மதிய வேளையில் கைக்கு வந்துவிடுகிற காரியம். அதற்காக ஒரு பிள்ளை கழுத்து நிற்காமல் கிடக்கிறான். “இவ்வளவுதானுங்களா!” என்று இன்னொரு முறை சத்தமாகவே சொன்னாள். அடுத்த நர்ஸ் வந்து பையை வாங்கிக்கொண்டாள். அன்று சாப்பாடு ஆறிப்போயிற்று. போட்டோ எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவளுக்கு மெமோ வந்தது: ஒழுங்கீனம், அரசுப் பொருளைச் சேதப்படுத்தியது. இடமாற்றமும் சேர்ந்தே வந்தது, காங்கேயத்தையும் தாண்டி. இரண்டு பஸ் மாற வேண்டும். மாரப்பன் கவலைப்பட்டார். “ஏஞ்சாமி, கொஞ்சம் அடங்கிப் போயிருக்கலாமல்லோ?” என்றார். சுப்பாத்தாள்தான், “அவ அடங்கி இருந்ததுக்குத்தான் ஒரு பையன் அப்படிக் கெடக்கறான். நீங்க பேசாம இருங்க” என்று அவர் வாயை அடைத்தாள்.

மகுடேஸ்வரன் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு நடந்ததைச் சொல்லி, தான் போகிற ஊர்களில் எல்லாம் பொம்மையைப் பிரித்துப் பழக்காமல் பயிற்சி நடத்த மாட்டேன் என்று நின்றார். சில இடங்களில் பீரோ திறந்தது. பல இடங்களில் இன்னும் திறக்கவில்லை. நல்லது நடந்துவிட்டதே, இனி ஏன் இந்தக் கோபம் என்று அன்புசெல்வியிடம் கேட்பவர்கள் உண்டு. “யாருக்குங்க நடந்துச்சு?” என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

சுடலையின் பையனுக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. சாய்த்து உட்கார வைத்தால் உட்காருகிறான். நடக்கவில்லை. அன்புசெல்வி மாதம் ஒருமுறை நல்லூருக்குப் போய் வருகிறாள். இசக்கியம்மாள் அவளை மன்னித்தாளா என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்புவதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் அனுப்ரியாவுக்கு நாள் நெருங்கியபோது, இசக்கியம்மாள் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போனாள். பிரசவ அறை வாசலில் நின்ற புது நர்ஸிடம், “புள்ள அழாம வந்தா காத்து குடுக்கத் தெரியுமா ஒங்களுக்கு? பொம்மையில பழகியிருக்கியளா?” என்று கேட்டாள்.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. “இதெல்லாம் நீங்க கேக்கக் கூடாதுங்க. நாங்க பயிற்சி எடுத்தவங்க.”

“பயிற்சி எடுத்தியளான்னு கேக்கல. பொம்மையத் தொட்டியளான்னு கேக்கேன். தொட்டிருந்தா செஞ்சு காட்டுங்க. அப்பத்தான் இவள உள்ள விடுவேன்.”

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். வரிசையில் இருந்த மற்றப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் இசக்கியம்மாளின் இடுப்பில் இருந்த பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் நிலைமையைப் புரிந்துகொண்டு, அலுவலக அறைப் பக்கம் திரும்பி, பொம்மை இருந்த பீரோவின் சாவியைக் கொண்டுவரச் சொன்னார்.